கீமோ முடிஞ்சுது, மனசு மட்டும் எந்திரிக்க மாட்டேங்குதே? – ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, சேலத்துல இருந்து ஒரு சகோதரி. வயசு 46. "மார்புல கேன்சர் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சுது. வீட்டுல 'அதான் சரியாயிருச்சுல்ல'ங்கிறாங்க. எனக்குக் காலையில எந்திரிக்கவே பிடிக்கல. இனி எதுக்காக இருக்கணும்னு தெரியல. நான் நன்றி கெட்டவளா?"

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இல்லம்மா. வைத்தியம் நடக்கும்போது இன்னைக்கு ரத்த டெஸ்ட், நாளன்னைக்கு கீமோன்னு நாள் ஓடிரும். அது நின்னப்புறம்தான் நமக்கு என்ன நடந்துச்சுன்னே மனசுல ஏறும். எனக்கும் அப்படித்தான். கடைசி ரேடியேஷன் முடிச்சு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியில உக்காந்து அழுதேன். எங்க மாமியார் பாவம், கேசரி கிண்டி வச்சிருந்தாங்க.

ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்ததால எனக்குக் கை தோளுக்கு மேல ஏறாது. சுவத்துல விரலை நண்டு மாதிரி ஊர விட்டு ஏத்தணும்னு பிசியோதெரபில சொல்லிக் குடுத்தாங்க. எங்க சமையக்கட்டுக் கதவோரமா பையன் உயரத்தைக் குறிச்ச பென்சில் கோடுங்க இருக்கு. முதல் வாரம் அவனோட ஏழு வயசுக் கோடு வரைக்கும்தான் விரல் போச்சு. அதுக்கு மேல சுரீர்னு இழுக்கும். பத்தாவது படிக்கும்போது போட்ட கோட்டைத் தொட்ட அன்னைக்கு அவனைத்தான் முதல்ல கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா கத்துன, பால் பொங்கிருச்சுன்னு நினைச்சேன்"னான். அந்த மூணு மாசம் எனக்கு வாழ்க்கை லட்சியம்னா அந்தக் கோடுதான்.

நியூயார்க்ல தெரேஸ் லாசர்னு ஒரு அம்மா. 1952ல அவங்களுக்கு மார்பை எடுத்தாங்க. கையை எப்படி அசைக்கிறது, உள்ளாடைக்குள்ள என்ன வச்சுக்கிறது, எதையும் யாரும் அவங்களுக்குச் சொல்லல. அந்தக் கோவத்துல, ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் கயிறு, தற்காலிகமா வச்சுக்க ஒரு செயற்கை மார்பு, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில மத்த பொம்பளைங்களைப் பாக்கக் கிளம்பிட்டாங்க. பந்தும் கயிறும் கைப் பயிற்சிக்கு. டாக்டர்கள் சில பேருக்கு அது பிடிக்கவே இல்ல. ஆனா 1969ல அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியே அந்த வேலையை ஏத்துக்கிச்சு. தனக்குக் கிடைக்காததை அடுத்தவளுக்குக் குடுக்கணும்னு இறங்கினாங்க, அவ்வளவுதான்.

அதுக்காக நீங்களும் உடனே சேவை செய்யணும்னு சொல்லல. "நீதான் எல்லாருக்கும் முன்னுதாரணம்"னு மாலை போட வருவாங்க. பிடிக்கலைன்னா வேண்டாம்னுடுங்க. "பாசிட்டிவா இரு"ங்கிற பேச்சும் எனக்கு ஆகாது. நீங்க அழுததால கேன்சர் திரும்பி வந்துராது.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, சாப்பாடு இறங்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். சாகணும்னு நினைப்பு வந்தா ரெண்டு வாரம்லாம் பாக்காதீங்க, அன்னைக்கே சொல்லுங்க. அதுவும் வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம்தான். மார்புக் கேன்சர் திரும்ப வராம இருக்கக் குடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா, மனநல டாக்டர்கிட்ட அதை மறக்காம சொல்லுங்க. மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில மாத்திரை டமாக்சிஃபெனோட வேலையைக் குறைச்சிரும், அவங்க பாத்து வேற குடுப்பாங்க.

அடுத்த செக்கப்புக்கு ஒரு அரை மணி நேரம் முன்னாடியே போங்க. கீமோ வார்டு வெளியில பெஞ்சுல, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பா. பேச்சு வந்தா பேசுங்க. வரலைன்னா உங்க தலையைக் காட்டுங்க, முடி வளந்திருக்கில்ல? அதைத்தான் அவ முதல்ல பாப்பா.

சரி, அடுத்த கேள்வி.