படத்தில் இருப்பது யார்? பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்

(ஒரே சிற்றூரில் அக்கம்பக்கமாக வாழ்ந்து, பின்னர் பல ஊர்களுக்குப் பிரிந்துபோனவர்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்து வாருங்கள் என்று கேட்டிருந்தோம். எடுத்து வந்திருக்கிறீர்கள். மேசைகள் நிறைந்துவிட்டன. காலையிலிருந்து ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "இது எங்கள் குடும்பப் படம்தான். ஆனால் இதில் பாதிப் பேர் யாரென்று எங்களுக்கே தெரியவில்லை." தெரியாததில் வியப்பில்லை. அந்தப் பாதிப் பேரை அறிந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இல்லை. இதோ இந்த மண்டபத்தில், உங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு குடும்பப் படத்தை முழுதாக அடையாளம் காட்டக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்.

குடும்பத்தார் படத்தின் நடுவைப் பார்ப்பார்கள். மணமக்களை, நாற்காலியில் அமர்ந்த தாத்தாவை, மடியில் இருக்கும் குழந்தையை. அயலாரின் கண் ஓரங்களுக்குப் போகும். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் சிறுவன் யார், திண்ணையில் முதுகைக் காட்டி நிற்பவர் யார், பின்னால் தெரியும் மதில் யாருடையது என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஏனென்றால் அந்தச் சிறுவன் அவர்கள் வீட்டுப் பையன், அந்த மதில் அவர்கள் வீட்டு மதில்.

இப்படியொரு கூட்டத்தில் ஒரு படம் சுற்றி வந்தது. ஒரு வீட்டு வாசலில் மூன்று பேர் நிற்கும் கருப்பு வெள்ளைப் படம். "எங்கள் தாத்தா வீட்டு வாசல்" என்றே அந்தக் குடும்பம் தலைமுறையாகச் சொல்லி வந்தது. எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்தார். முகங்களை அவர் பார்க்கவே இல்லை. விரல் நேரே படிக்கட்டுக்குப் போனது. "இது எங்கள் வீட்டுப் படி. கீழ்ப்படியில் இடது மூலை உடைந்திருக்கிறது பாருங்கள். வண்டிச் சக்கரம் இடித்து உடைந்தது. என் தம்பி பள்ளியில் சேர்ந்த வருஷம்" என்றார். பிறகு தானாகவே தொடர்ந்தார்: "உங்கள் வீடு மேற்கு பார்த்த வீடு. காலையில் வாசலில் வெயிலே விழாது. படம் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் எங்கள் வாசலுக்குத்தான் வருவீர்கள்." உடைந்த ஒரு படிக்கல்லிலிருந்து இடம் தெரிந்தது, காலை வேளை என்பது தெரிந்தது. தம்பி பள்ளியில் சேர்ந்த ஆண்டுக்கு முற்பட்ட படம் அல்ல என்பதும் தெரிந்தது. இத்தனையும் தெரிந்த பிறகுதான் அந்த அம்மா முகங்களைப் பார்த்து, "நடுவில் நிற்பது உங்கள் தாத்தா இல்லை, அவருடைய அண்ணன்" என்றார். குடும்பத்தார் ஒத்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை என்று இங்கே பல பெரியவர்கள் வருத்தப்படுகிறீர்கள். வருத்தப்பட வேண்டாம். 1975-இல் பாரிக் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் 392 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்துச் சில வாரங்களே ஆனவர் முதல் ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆனவர் வரை அதில் இருந்தார்கள். பழைய பள்ளி ஆண்டுமலரின் படங்களைக் காட்டி, இவற்றில் உங்களோடு படித்தவர் யார் என்று கேட்டார்கள். பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் ஆனவர்கள்கூட நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குச் சரியாகக் காட்டினார்கள். எந்த உதவியும் இல்லாமல் கூடப் படித்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோதுதான் திணறினார்கள். பள்ளியை விட்டு அதிக ஆண்டுகள் ஆனவர்களுக்கு அந்தத் திணறலும் அதிகமாக இருந்தது. முகம் உள்ளேதான் இருக்கிறது, பெயரும் உள்ளேதான் இருக்கிறது. பெயரை வெளியே இழுக்க ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான். ஆகவே வகுப்புப் படத்தை வைத்துக்கொண்டு "பெயர் சொல்லுங்கள்" என்று பெரியவர்களை நெருக்காதீர்கள். பழைய வருகைப் பதிவேட்டின் நகலோ, அந்தத் தெருவில் இருந்த வீடுகளின் வரிசையோ கிடைத்தால் அதைப் பக்கத்தில் வையுங்கள். பட்டியலை வாசிக்க வாசிக்க, "ஆங்... இவன்தான், இரண்டாவது வரிசையில் காது பெரிதாக இருக்கிறானே" என்று அவர்களே சொல்வார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் கார்கள் மோதும் படக்காட்சி ஒன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். ஒரு சாராரிடம் "கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் இருக்கும்?" என்றும், இன்னொரு சாராரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம் இருக்கும்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று இருசாராரையும் கேட்டார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "இடித்துக்கொண்டபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ஒரு சொல்தான் மாறியது.

படமே நினைவை உண்டாக்கிவிடும் என்பதையும் 2002-இல் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். 20 பேரின் குழந்தைப் பருவப் படத்தை எடுத்து, அவர்கள் ஒருபோதும் ஏறாத வெப்பக் காற்றுப் பலூனில் ஏறியிருப்பது போல ஒட்டி அவர்களுக்குக் காட்டினார்கள். சில நாட்களில் பாதிப் பேருக்கு அந்தப் பலூன் பயணம் ஓரளவோ முழுதாகவோ "நினைவுக்கு" வந்துவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவிருப்பதாக நம்பினார்கள்.

ஆகவே இன்று மேசையைச் சுற்றி உட்காரும்போது, பிள்ளைகளே, "பாட்டி, இது கோடி வீட்டு மாமாதானே?" என்று கேட்காதீர்கள். "பாட்டி, இது யார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஒரே படத்தை நான்கு பேர் பார்க்கப்போகிறார்கள் என்றால், முதலில் நால்வரும் தனித்தனியே தாளில் எழுதட்டும், பேச்சு பிறகு. குரல் பெரிதாக இருப்பவர் முதலில் சொல்லிவிட்டால் மற்ற மூவருக்கும் அதுவே நினைவாகிவிடும். பேசத் தயங்குகிறவர்களிடம்தான் பல நேரம் சரியான விடை இருக்கிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கருத்து வேறுபட்டால் சண்டை வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள். "இடமிருந்து மூன்றாவது: மூத்த மகன் என்று இன்னார் சொல்கிறார், இளைய மகன் என்று இன்னார் சொல்கிறார்" என்று, சொன்னவர் பெயரோடும் இன்றைய தேதியோடும் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு வேறொரு வீட்டிலிருந்து வரும் இன்னொரு படம் அந்த வழக்கைத் தீர்த்து வைக்கும். ஒன்றை மட்டும் எழுதிவிட்டால் தீர்ப்பதற்கு வழியே இல்லாமல் போய்விடும்.

ஆண்டைக் கணிப்பதற்கு முகங்களை விடப் பொருட்கள் உதவும். படத்தில் தெரியும் பொருட்களில் எது கடைசியாக ஊருக்கு வந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி, புதுத் தளம் போட்ட சாலை, பாதி எழும்பிய மாடி எல்லாம் சாட்சிகள். அவை என்று வந்தன என்பது தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியும். படத்தாளும் பேசும். உடனுக்குடன் கையில் வரும் போலராய்டு படங்களில், கீழே வெள்ளைப் பட்டை அகலமாக இருக்கும் சதுரப் படம் என்றால், அந்த வகை 1972-இல்தான் வந்தது. பழைய வண்ணப் படம் சிவந்து போயிருந்தால் அது அன்றைய வானத்தின் நிறமல்ல. அந்தக் காலச் சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சாகியிருந்தால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கேமராவில் மின்கலம் மாற்றிய பிறகு தேதியைத் திருத்தாமல் விட்டவர்கள் ஏராளம்.

இன்னொன்று. வீடு இடம் மாறித் தெரிந்தால், பெரியவரின் நினைவைச் சந்தேகிக்கும் முன் படத்தைச் சந்தேகியுங்கள். ஃபிலிமைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். பெயர்ப்பலகை எழுத்து, சட்டைப் பை, கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லோருக்கும் சட்டைப் பை வலது மார்பில் இருந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது.

இனி நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ எல்லா ஆல்பத்திலும் ஓரத்தில் ஒருவர் நிற்பார். தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது கையில் ஏதோ சுமந்தபடி குறுக்கே போவார். படத்தின் பின்னால் மற்ற எல்லோருக்கும் பெயர் இருக்கும், அவருக்கு மட்டும் "வேலையாள்" என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அவருக்குப் பெயர் இருந்தது. அவர் இந்தத் தெருவில் பத்து வீடுகளுக்கு நடந்தவர், இந்த மண்டபத்தில் இருக்கும் பலரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் வீட்டில் ஒருவேளை படம் எடுக்க வசதியே இருந்திருக்காது. அவருடைய பேரப்பிள்ளைகளிடம் அவர் முகம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஆல்பத்தின் ஓரம்தான் அவருக்கு இருக்கும் ஒரே படம். ஆகவே அடையாளம் காணும் வேலையை நடுவிலிருந்து தொடங்காமல் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பெயர் கிடைத்ததும் ஒரு நகல் எடுத்து அந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுங்கள்.

படம் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை ஜப்பானியர்கள் அறிந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்து போன பிறகு, யமமோட்டோ என்ற சிற்றூரில் மட்டும் இடிபாடுகளிலிருந்து சுமார் 7,50,000 படங்கள் திரட்டப்பட்டன. தன்னார்வலர்கள் அவற்றைச் சேறு போகக் கழுவி, காயவைத்து, கணினியில் ஏற்றி, உரியவர்கள் வந்து பார்க்கும்படி வைத்தார்கள். வீட்டை இழந்தவர்கள் படம் தேடி வந்தார்கள். உங்கள் படங்கள் சேற்றில் இல்லை, உங்கள் கையில் இருக்கின்றன. அதனால் அவற்றைக் காப்பது பற்றி இரண்டு வார்த்தை.

பசை தடவிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் இருக்கின்றனவே, அவற்றில் படத்தை வைக்காதீர்கள். அந்தப் பசை நாளடைவில் படத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தால் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமானால் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் செலுத்தி, நிதானமாக அறுத்து எடுக்கலாம். பழைய தாள் படத்தின் பின்புறம் எழுதுவதற்கு மென்மையான பென்சில்தான் சரி, அதுவும் அழுத்தாமல், ஓரமாக. பந்துமுனைப் பேனாவின் தடம் முன்புறம் முகத்தில் வந்து பதியும். ஸ்கேன் எடுக்கும்போது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) என்ற அடர்த்தி வையுங்கள். வெள்ளை ஓரத்தை வெட்டாதீர்கள், பின்புறத்தையும் எடுங்கள். பின்புறத்தில் உள்ள ஸ்டுடியோ முத்திரையும், யாரோ கிறுக்கிய ஓர் எண்ணும் முன்புறத்தை விட அதிகம் சொல்லக்கூடும்.

ஒரு படத்தைப் பார்த்ததும் யாராவது பேச்சை நிறுத்திவிட்டால், அந்தப் படத்தை அத்தோடு விட்டுவிடுங்கள். எல்லா வீட்டிலும் சொல்லப்படாத துயரம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்கும், தெரிந்தாலும் சொல்ல வேண்டியது அவர் அல்ல. படத்தைப் பலருக்கு அனுப்பும் முன் அதில் இருப்பவரிடமோ அவர் வீட்டாரிடமோ ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

இப்போது வேலைக்குப் போவோம். வயதில் மூத்தவர்கள் சன்னலோர மேசைகளுக்கு வாருங்கள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடிகள் அங்கே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெரியவருக்கும் பக்கத்தில் ஓர் இளைஞர் தாளும் பென்சிலுமாக உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காராதீர்கள், அடுத்த வீட்டுப் பெரியவரிடம் போங்கள். முதலில் பள்ளிப் படங்கள், பிறகு தெருப் படங்கள். கல்யாண ஆல்பங்களை மதியத்துக்கு மேல் பார்ப்போம். வாருங்கள்.