பரணில் கிடந்த கமடோர் 64: ஆன் செய்யலாமா?

அடுத்த கேள்வி. திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சார், 1986இல் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கமடோர் 64 கம்ப்யூட்டர் பரணில் இருந்தது. போன வாரம் எடுத்து ஆன் செய்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது, டிவியில் படம் இல்லை. சரிசெய்ய முடியுமா?"

முடியும் சார். ஆனால் முதலில் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு எமனே அதனோடு வந்த அடாப்டர்தான். செங்கல் கனத்தில் இருக்கும். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழி கிடையாது. அதற்குள் இருக்கிற 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதாகும்போது பெரும்பாலும் சும்மா நின்றுவிடாது. வோல்டேஜைக் கூட்டி அனுப்பும். அது நேராக ராம் சிப்புகளுக்குப் போகும். மல்டிமீட்டரில் 5.2க்கு மேல் காட்டினால் அதோடு அதைத் தூக்கிப் போடுங்கள். சரியாகக் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன். அரை மணி நேரம் சூடேறிய பிறகு கைவிடுகிற அடாப்டர்கள் உண்டு. கமடோருக்கென்றே புதிதாகச் செய்த அடாப்டர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு அதுதான்.

சரி, விளக்கு எரிகிறதே என்கிறீர்கள். அந்த அடாப்டர் இரண்டு விதமாகக் கரண்ட் தருகிறது: ஒன்று 5 வோல்ட் டிசி, இன்னொன்று 9 வோல்ட் ஏசி. விளக்குக்கு 5 வோல்ட் போதும். பழைய போர்டுகளில் படம் காட்டுகிற விக் சிப்புக்கு வேண்டிய கரண்ட் அந்த 9 வோல்டிலிருந்துதான் தயாராகிறது. அந்த வழியில் ஒரு சின்னக் கண்ணாடி ஃப்யூஸ் இருக்கிறது. அது போனால் விளக்கு எரியும், படம் வராது. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இவ்வளவுதான் கோளாறு.

அடியில் மூன்று திருகு. மேல்மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கீபோர்டு வயரும் விளக்கு வயரும் அதோடு சேர்ந்து வரும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் பிஎல்ஏ சிப் (எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிற சிப்), அதற்கப்புறம் ராம். புது அடாப்டரில் ஒரு நிமிடம் ஓடவிட்டு ராம் சிப்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் குற்றவாளி. பாதிப் பேர் போர்டைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்: சிப்பை முழுசாகக் கழற்ற ஆசைப்பட்டு, ஈயத்தோடு செம்புத் தடத்தையும் பெயர்த்துவிடுவார்கள். செத்த சிப்தானே? கால்களை நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுங்கள். காலியான இடத்தில் சாக்கெட் வைத்து, அதில் வேறு சிப்பைச் செருகுங்கள்.

இப்போதைய டிவியில் ஆன்டெனா வழியாகப் பார்க்க முயல வேண்டாம், ஏவி கேபிள் வாங்குங்கள். நீலத் திரையில் 38911 பைட்ஸ் ஃப்ரீ என்று வந்தால் ராம் தேறிவிட்டது. மஞ்சளான மூடியை பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை, மஞ்சளாகவே இருக்கட்டும்.

போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கமெண்டில் போடுங்கள் சார். பின்னால் வந்த சின்ன போர்டாக இருந்தால் நான் சொன்ன ஃப்யூஸ் கதை அப்படியே பொருந்தாது.