பழைய வீட்டில் குடும்பம் இருக்கட்டும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். "மட்டக்களப்பு நகரிலுள்ள புளியந்தீவின் பழைய வீடுகளுக்கு ஏற்றது சுற்றுலா விடுதியா, வாடகைக் குடித்தனமா?" என்ற இன்றைய தலைப்பில், வாடகைக் குடித்தனமே என்று வாதிட எழுந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் வலுவான ஒரு கேள்வியோடு தொடங்கினார். சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீட்டைப் பராமரிப்பதற்குப் பணம் வேண்டும். ஓர் ஆசிரியர் கொடுக்கும் மாத வாடகையில் அது ஆகுமா, வெளிநாட்டுப் பயணி ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஆகுமா என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். ஆனால், நம் ஊரில் பழைய வீட்டை அழிப்பது எது என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. மழையும் உப்பும் கறையானுமே அதை அழிக்கின்றன. இவற்றைத் தடுப்பதற்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது, ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் ஆள்.

கிழக்குக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கித் தை வரையான மாரியில்தான் கொட்டித் தீர்க்கிறது. சுற்றுலாப் பயணிகளோ சித்திரை முதல் புரட்டாதி வரை, கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில் வருகிறார்கள். ஆகவே, விடுதியாக மாற்றப்பட்ட வீடு பூட்டிக் கிடக்கும் காலமும் அந்த வீட்டுக்கு ஆள் மிக அவசியமான காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இரவுக் காற்றுக்கு ஓர் ஓடு நகர்ந்தால், குடும்பம் இருக்கும் வீட்டில் அது உடனே தெரியும். படுத்திருக்கும் பாயில் சொட்டு விழும், எழுந்து வாளி வைப்பார்கள், விடிந்ததும் பக்கத்து வளவில் ஏணி கேட்பார்கள். பூட்டிய வீட்டிலோ அதே சொட்டு இரண்டு மாதங்கள் கைமரத்தின்மேல் விழுந்துகொண்டிருக்கும். தையில் கதவைத் திறக்கும்போது நகர்ந்த ஓடு ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது, உளுத்துப்போன மரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். முதிரை மரமும் பாலை மரமும் இன்று விற்கும் விலை இந்த அவைக்குத் தெரியும்.

அடுத்தது உப்பு. புளியந்தீவை நாற்புறமும் வாவி சூழ்ந்திருக்கிறது. அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, கைபட்டாலே பூச்சு உதிர்வதை இங்கே குடியிருந்த ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. உதிர்ந்த இடத்தைச் சுரண்டி மீண்டும் சுண்ணாம்பே பூசினால் அது பிழைத்துக்கொள்ளும். விடுதி நடத்துவோருக்கு அந்தக் கறை பொறுப்பதில்லை. விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சீமெந்து பூசுகிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் மேலே மேலே ஏறி, சில மாரிகளுக்குள் அந்தப் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடுகிறது. அதோடு நிற்கிறதா? அறைக்கு ஒரு குளியலறை, அதற்குச் சுவரைக் குடைந்து குழாய். குளிரூட்டி பொருத்துவதற்காக, காற்று வரவென்றே கட்டிய உயரமான சன்னல்களை அடைத்தல், கூரைக்குக் கீழே தாழ்வாகத் தட்டு அடித்தல். இத்தனையும் முடிந்த பிறகு தெருவிலிருந்து பார்க்கும் முகப்பு மட்டும்தான் பழைய வீடு.

எதிரணி நண்பர் ஒருவர் மட்டக்களப்புக் கோட்டையை எடுத்துக்காட்டி, பழைமை இருந்தால் பார்க்க ஆள் வரும் என்றார். அந்தக் கோட்டை ஏன் நின்றது என்று நான் அவரைக் கேட்கிறேன். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அந்தக் கோட்டைக்குள் நம் மாவட்ட அரச செயலகமான கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. காணி அலுவலுக்கும் வயல் அலுவலுக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மக்கள் நாள்தோறும் அதற்குள் போய்வந்தார்கள். 1978 நவம்பர் சூறாவளி இந்த நகரின் கூரைகளைப் பிய்த்தெறிந்த பிறகும் அது தேவைப்பட்ட கட்டடமாகவே இருந்தது. தேவைப்பட்டதால் திருத்தப்பட்டது.

நம் மண்ணின் மரபையும் நடுவர் கருத்தில் கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. தாய் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவதும் நம் தாய்வழிக் குடிமரபு. மகள் படித்துக்கொண்டிருக்கும் காலத்திலோ, கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் காலத்திலோ அந்த வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால், அவள் திரும்பி வரும் நாளில் குசினி குசினியாகவும் சாமியறை சாமியறையாகவும் இருக்கும். ஆறு அறையாகப் பிரித்த விடுதியைச் சீதனமாகப் பெறும் பெண் எந்த அறையில் அடுப்பு மூட்டுவாள்?

இனி, எதிரணியினர் அதிகம் கைதட்டு வாங்கிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வாடகைக்கு வருபவர் வீட்டைவிட்டு எழும்பமாட்டார் என்றார்கள். வீட்டுக்காரரின் அந்த அச்சம் உண்மையானது. அதை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால், அச்சம் இருபுறமும் இருக்கிறது. நானும் இந்த நகரில் வாடகைக்கு இருப்பவன். முன்பு இருந்த வீட்டில், பிள்ளையின் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, மாத முடிவுக்குள் வீட்டைவிடும்படி சொன்னார்கள். கையில் முற்பணப் பற்றுச்சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, சட்ட உறுதிகளை எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்த அந்தச் சட்டம் இருக்க, நாம் இன்னும் வாய்ப்பேச்சில் வீடு கொடுக்கிறோம், வாய்ப்பேச்சில் எடுக்கிறோம். உறுதி எழுதினால் இரு தரப்புக்கும் பாதுகாப்புண்டு. எழுதாமல் விட்ட குறைக்காகக் குடித்தனத்தையே வேண்டாமென்பது நியாயமில்லை.

விடுதிகளே கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. கல்லடிக் கடற்கரையிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அவை பெருகட்டும். ஆனால், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீடுகள், வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் மாற்றலாகி வரும் ஆசிரியருக்கும் தாதிக்கும் கிடைக்காமல் போனால், அவர்களின் பிள்ளைகள் விடியமுன் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, மூன்றாண்டுக்குக் குறையாத எழுத்து உறுதி, மாரிக்கு முன் கூரைநீர் வடியும் பீலியைத் துப்புரவாக்கி ஓடு மாற்றும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமை, சுவருக்குச் சுண்ணாம்பு மட்டுமே என்ற நிபந்தனை ஆகியவற்றோடு இந்த வீடுகளைக் குடும்பங்களுக்கே கொடுக்கலாம் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.