கடல் தாண்டிய சொந்தமும் அரசின் கணக்கும்
(புதுச்சேரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் நம் ஊரிலும் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். வேட்டி கட்டிய பெரியவர் உறையைப் பெட்டிக்குள் போட்டதும், மேசையில் இருப்பவர் ‘ஆ வொத்தே’ என்று உரக்கச் சொல்வார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். தருமத்துக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் செய்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஹங்கேரி 2010-இல் அண்டை நாடுகளில் வாழும் ஹங்கேரியர்களுக்குக் குடியுரிமையைச் சுலபமாக்கியது. 2014 தேர்தலில் அவர்களுடைய தபால் ஓட்டில் பெரும்பகுதி அப்போது ஆண்ட பிரதமர் ஓர்பானின் கட்சிக்கே விழுந்தது. சரி, அது ஓட்டோடு போயிற்று. ரஷ்யா, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேட்டியாவில் கடவுச்சீட்டை வாரி வழங்கியது. 2008-இல் ‘எங்கள் குடிமக்களைக் காக்கிறோம்’ என்று படையை அனுப்பியது. 2019-இல் கிழக்கு உக்ரைனிலும் அதே கடவுச்சீட்டு. 2022-இல் நடந்தது உங்களுக்கே தெரியும்.

நம் அரசு மட்டும் என்ன? சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளோடு சுமுகம் தேவைப்பட்டது. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எண்ணிக்கையை முடித்துக்கொண்டு அப்புறம்தான் கொழுந்து பறிப்பவர்களிடம் விண்ணப்பம் கேட்டார்கள். இந்தியாவைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள் அதில் எத்தனையோ பேர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பிறந்த மண் அந்தப் பக்கம், குடியுரிமை இந்தப் பக்கம். வந்தவர்களுக்கு வேலை தர, தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு மறுபடி தோட்டம்.

கணக்கில் ஒன்றரை லட்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அதையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் நிலம் பிரிக்கும்போதுகூட மேடு எது, பள்ளம் எது என்று நடந்து பார்ப்பார்கள். இங்கே நேர் பாதி.