முதல் மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் சின்னச் சின்னக் கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் தொழில். வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு வரும் டெலிபோன் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணை, பெடியன் காய்ச்சல் என்று மூன்று நாள் வரவில்லை. காசு குடுக்க வேணுமோ?"

2026 ஏப்ரல் 5 வரைக்கும் என் பதில், "சட்டப்படி தேவையில்லை." ஏப்ரல் 6-இல் இருந்து, "குடுக்கத்தான் வேணும்."

நோயால் வேலைக்கு வராதவருக்கு முதலாளி சட்டப்படி குடுக்க வேண்டிய காசு, அதாவது ஸ்டாட்யூட்டரி சிக் பே, இந்த நாட்டில் 1983-இல் வந்தது. அன்றிலிருந்தே முதல் மூன்று நாளுக்குக் காசு இல்லாமல்தான் இருந்தது. கொரோனாவால் வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் 2020-இல் அதைத் தளர்த்தினார்கள். 2022 மார்ச்சில் பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

மூன்று நாள்தானே என்று தோன்றும். ஆனால் அது வேலை நாள் கணக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் டில்லில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அந்த மூன்று நாள்தான் முழு வாரம். வியாழன் காய்ச்சல் பிடித்து அடுத்த வியாழன் வரை படுத்திருந்தாலும் முன்பு ஒரு பென்னி வராது. இப்போது முதல் வெள்ளியில் இருந்தே கணக்கு ஓடும். அவள் வாரம் 240 பவுண்ஸ் எடுக்கிறாள் என்று வைப்போம். சிக் பே என்பது சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், அதாவது 192. ஆனால் 2026 ஏப்ரலில் இருந்து வார உச்சத்தொகை 123.25. இரண்டில் எது குறைவோ அதுதான். மூன்றால் பிரித்தால், வராத ஒரு நாளுக்கு 41 பவுண்ஸ் சொச்சம். வருத்தம் நீண்டால் 28 வாரம் வரை கொடுக்க வேண்டும்.

முன்பு வாரம் சராசரி 125 பவுண்ஸ் இல்லாதவருக்கு எதுவுமே இல்லை. விடியப்புறம் ஆபீஸ் கிளீனிங்குக்கு ஓடும் எங்கள் அம்மாமார் எத்தனை பேர்! அவர்கள் வாரம் 100 எடுத்தால் இனி 80 வரும்.

முதலாளிமாருக்கு ஒரு மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட. ஒரு காலத்தில் இந்தச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கத்திடம் திரும்ப எடுக்க வழி இருந்தது. 2014-உடன் அது போய்விட்டது. முழுதும் கல்லாவில் இருந்துதான். சரி, அதற்காக "அவனுடைய ஹொலிடேயில் கழிக்கிறேன்" என்று சொல்ல முடியாது. முதல் ஏழு நாளுக்கு ஜீபியின், அதாவது குடும்ப டாக்டரின், கடிதம் கொண்டுவா என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. வேலை செய்பவர் தானே எழுதித் தந்தால் போதும். வேலை இல்லாத நாளும் அந்த ஏழில் சேரும். அதற்குப் பிறகுதான் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று. அதை இப்போது நர்ஸோ ஃபார்மசிஸ்டோகூடத் தரலாம்.

அப்புறம், பாதிச் சம்பளம் புத்தகத்தில், பாதி கையில் என்று ஒத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. சிக் பே கணக்குக்கு வேண்டிய கடைசி எட்டு வாரச் சராசரியை நான் பே ஸ்லிப்பைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். கையில் வாங்கியது அதில் இல்லை.

விசாவில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது, "பப்ளிக் ஃபண்ட்ஸ் எடுக்கக்கூடாது என்று போட்டிருக்கே, இதைத் தொடலாமோ?" தொடலாம். பப்ளிக் ஃபண்ட்ஸ் என்பது அரசாங்க உதவிக் காசு, சிக் பே அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளி கொடுக்கும் காசு அது. சம்பளத்தோடு சேர்ந்து அதே பே ஸ்லிப்பில்தான் வரும், வரியும் அப்படியே கழியும்.