வேருக்கும் கிளைக்கும் ஒரே அலுவலர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் நின்ற புங்கமரம் ஒன்று போன மழைக்காலத்தில் சாய்ந்தது. புயல் ஏதும் இல்லை. இரண்டு நாள் விடாத மழை, நடுவில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெயர்ந்து கிடந்த அடிமரத்தில் தெருப்பக்கத்து வேர்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டிருந்தன. புதிதாகக் கட்டிய வடிகாலின் சுவரும் அதே கோட்டில் நின்றது. வெட்டுமுகம் கறுத்துப் போயிருந்தது, விரல் வைத்தால் உதிர்ந்தது. மேலே மின்கம்பி ஓடும் தெருப்பக்கத்துக் கிளைகள் முன்பே கழிக்கப்பட்டிருந்ததால், எஞ்சிய பாரம் அத்தனையும் வீடுகளின் பக்கமே சாய்ந்திருந்தது. பிடித்து நிறுத்த வேண்டிய வேரோ மறுபக்கத்தில் இல்லை. வேரை வெட்டியவர்கள் ஒரு பிரிவினர், கிளையைக் கழித்தவர்கள் வேறோர் அலுவலகத்தினர், விழுந்த மரத்தை அறுத்து லாரியில் ஏற்றியவர்கள் மூன்றாமவர். அவரவருக்கு இட்ட வேலையை அவரவர் செய்து முடித்திருந்தார்கள்.

சென்னை போன்ற மாநகரில் இது ஏன் நேர்கிறது என்பதற்குப் பொறுப்புகள் பிரிந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே போதும். 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சி இது; அப்போது 15 மண்டலங்கள், 200 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. கன்று நடுவது பூங்காத் துறையின் வேலை. அந்தக் கன்று வளர்ந்து நிற்கும் சாலையோரம், பேருந்து ஓடும் சாலையானால் ஒரு துறைக்கும், உட்புறச் சாலையானால் மண்டலப் பொறியாளருக்கும், நெடுஞ்சாலையானால் மாநில அரசின் துறைக்கும் உரியது. அதன் அடியில் மழைநீர் வடிகால் துறையும் குடிநீர் வாரியமும் தோண்டுகின்றன. தலைக்கு மேல் மின்வாரியத்தின் கம்பி. பொது நிலத்தில் நிற்கும் மரத்தை அடியோடு வெட்டுவதென்றால் மட்டும் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். மரம் விழுந்துவிட்டது என்று மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்தால் அது யார் வேலை என்பதில் குழப்பமில்லை. நிற்கிற மரத்தின் அடியில் பொக்லைன் வைத்துத் தோண்டுகிறார்கள் என்று அழைத்தால், அது வடிகால் புகாரா, சாலைப் புகாரா, பூங்காப் புகாரா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் விழுந்தன. பழி பெரும்பாலும் பெருங்கொன்றை, குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்களின் மேல் போயிற்று. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பரவுகிறது. நடைபாதைக் கல்லும் வடிகாலும் கேபிளும் கேட்பது அதே இரண்டடியைத்தான். அந்த மண்ணைப் பறித்துக்கொண்டபின் வேம்பானாலும் பூவரசானாலும் எவ்வளவு நாள் தாங்கும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியின் மரங்களுக்காக 2013-இல் உத்தரவிட்டது. நம் தெருக்களில் டைல்ஸ் பதிப்பவர்கள் அடிமரத்தையே அளவுகோலாக வைத்துக் கல்லை வட்டமாக வெட்டிப் பொருத்தும் நேர்த்தியைப் பார்க்கும்போது, வேலைத்திறனை மெச்சுவதா, நொந்துகொள்வதா என்று தெரிவதில்லை.

வேறு சில மாநிலங்கள் சட்டத்தின் வழியே இதை அணுகின. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் நகர அமைப்புதோறும் மர ஆணையம் ஒன்றை அமைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பையும் கடமையாக்கியது. கர்நாடகம் 1976-இல் மர அலுவலர் என்ற பதவியை உண்டாக்கியது. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது. நமக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் அந்தச் சட்டங்களின் முதன்மை அக்கறை வெட்டுவதற்கான அனுமதியில் இருக்கிறது. வேரறுந்து மெல்லச் சாகும் மரத்துக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லையே.

பொறுப்பை மாற்றியமைப்பது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, வீட்டுக்கு முன்னால் நிற்கும் தெருமரத்தை அந்த வீட்டுக்காரரே பராமரிக்க வேண்டும் என்று மாநகராட்சி 2011 முதல் ஒவ்வொரு மரமாகக் கைமாற்றிவந்தது. வசதியுள்ளவர் பராமரித்தார், இல்லாதவர் விட்டுவிட்டார். 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதைத் திருப்பினார்கள். ஏறத்தாழ 1,25,000 தெருமரங்களும், அவற்றின் வேர் பெயர்த்த நடைபாதையும், அதனால் வரும் இழப்பீட்டுப் பொறுப்பும் 2017 ஜூலை முதல் பொதுப்பணித் துறையின் கைக்கு வந்தன, ஆண்டுக்கு 1.9 கோடி டாலர் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பூங்காக்களுக்குள் நிற்கும் மரங்கள் அங்கும் வேறு துறையிடம்தான் உள்ளன. தெருவைப் பொறுத்தவரை மரமும் அதை ஒட்டிய நடைபாதையும் ஒரே கையில் சேர்ந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்னையில் இதற்குப் புதிய வாரியம் ஒன்றை உருவாக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாலையைத் தோண்ட விரும்பும் எந்தத் துறையும் மாநகராட்சியிடம் சாலை வெட்டு அனுமதி பெற வேண்டும் என்ற முறை இன்றும் இருக்கிறது. பருவமழைக் காலத்தில் அந்த அனுமதியை நிறுத்தியும் வைக்கிறார்கள். மண்டலத்துக்கு ஒரு மர அலுவலரை, தோட்டக்கலை படித்தவராக அமர்த்தி, அந்த அனுமதிப் படிவத்தில் அவருடைய கையொப்பமும் கட்டாயம் என்று ஆக்கலாம். மாநகராட்சி தானே தோண்டும் வடிகாலுக்கும் இது பொருந்த வேண்டும். மின்கம்பிக்காகக் கிளை கழிக்கும் நாளில், எந்தக் கிளையை எந்தக் கணுவில் வெட்டுவது என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுவதும் அவர் வேலையாகட்டும். வேரைக் காப்பாற்ற வடிகாலை ஓரடி தள்ளிக் கட்டினால் கூடும் செலவு ஒப்பந்ததாரரின் தலையில் விழாமல், டெண்டரிலேயே தனி இனமாக இடம்பெற வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எந்தக் கையொப்பமும் தளத்தில் செல்லாது.

எங்கள் புங்கமரம் நின்ற குழியில் இப்போது கூண்டு வைத்துக் கன்று நட்டிருக்கிறார்கள். குழியின் அகலத்தை நேற்று அளந்து பார்த்தேன். ஒன்றரை அடி, நாலு பக்கமும் சிமென்ட்.

வணக்கம்.