ஆவி என்று பெயர் வைத்த கப்பல்

வணக்கம். கடற்கொள்ளையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு கப்பலின் கதையைச் சொல்கிறேன்.

பிரான்ஸின் சேன்-மாலோ துறைமுகத்தில் 1807இல் சுர்கூஃப் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் கட்டிய கப்பல் அது. 18 பீரங்கிகள். பெயர் 'ரெவனான்'. செத்தும் திரும்பி வருகிறவன், அதாவது ஆவி என்று பொருள்.

சுர்கூஃபைக் கொள்ளைக்காரர் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்க அவருக்கு அரசாங்க உரிமம் இருந்தது. கிடைத்த பணத்தை முதலாளிகளும் மாலுமிகளும் சட்டப்படியே பங்கு பிரித்துக்கொண்டார்கள். பறிகொடுத்தவனுக்கு இதில் என்ன ஆறுதல் என்று கேட்காதீர்கள்! அந்த ஆண்டே வங்காள விரிகுடாவில் அரிசி ஏற்றி வந்த ஆங்கிலக் கப்பல்களை வரிசையாகப் பிடித்தார். அதில் ஒன்றின் பெயர் டிரஃபால்கர், ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த போரின் பெயர்.

அப்போது மொரீசியஸ் பிரெஞ்சுத் தீவு. அதன் ஆளுநர் டெக்கேன், 1803இல் புதுச்சேரியைத் திரும்பப் பெற வந்து வெறுங்கையோடு போனவர். 1808இல் ரெவனானை அரசுக்கென்று எடுத்துக்கொண்டு, 'இயேனா' என்று பெயர் மாற்றினார். நெப்போலியன் வென்ற போர்க்களத்தின் பெயர். பெயர் ராசி எடுபடவில்லை. அக்டோபரில், கல்கத்தாவுக்குப் போகும் கடல்வழியில், ஆங்கிலேயரின் போர்க்கப்பல் 'மொடெஸ்ட்' அதை நெடுநேரம் துரத்திப் பிடித்தது. ஆங்கிலேயர் வைத்த புதுப் பெயர் 'விக்டர்', வெற்றியாளன். சரி, நெடுநாள் தாங்கியதா? 1809 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பிடித்துவிட்டார்கள். பிடித்த தலைவரின் பெயர் கீ-விக்டர் டுபெரே!

அப்புறம்தான் வேடிக்கை. 1810 ஆகஸ்ட் 20. மொரீசியஸின் கிராண்ட் போர்ட் துறைமுக வாயிலில், ஒரு சிறு தீவின் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. நம் கோட்டைதான் என்று நம்பி விக்டர் முதலில் நுழைகிறது. கொடி பொய். ஆங்கிலேயர் ஒரு வாரத்துக்கு முன்பே அந்தச் சிறு தீவைப் பிடித்திருந்தார்கள். குண்டு மழை பொழிய, விக்டர் கொடியை இறக்கிச் சரணடைந்து நங்கூரம் போட்டுவிட்டது. ஆனால் ஏறிப் பிடிக்க ஆள் வருவதற்குள் பின்னால் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'மினெர்வ்' கூப்பிட, நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு, இறக்கிய கொடியை மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. தொடர்ந்து நடந்த சண்டையில் ஆங்கிலேயர் அங்கிருந்த தங்கள் நான்கு ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) கப்பல்களையும் இழந்தார்கள்.

டிசம்பரில் சென்னை, பம்பாய், வங்காளத்திலிருந்து திரட்டிய ஆங்கிலேயப் படை வந்து மொரீசியஸையே பிடித்தது. அங்கிருந்த கப்பல்களோடு விக்டரும் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த முறை அவர்கள் அதைக் கடற்படையில் சேர்த்துக்கொள்ளவில்லை.